இரேசர்ஹெட்ஸ்: பிலிப்பைன்ஸ் ராக் குழுவின் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரேசர்ஹெட்ஸின் முதல் ஆல்பத்தில் 'மாலிங் அகாலா' என்று ஒரு பாட்டு உண்டு. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் 'தப்பான நினைப்பு' என்று அர்த்தம். 1993-இல் வெளிவந்த அந்தப் பாட்டின் பெயரைக் குழுவைப் பற்றி இன்று சுற்றிவரும் குறிப்புகளில் பாதிக்குத் தலைப்பாகவே வைக்கலாம். ஆண்டு மாறியிருக்கும், விருதின் பெயர் மாறியிருக்கும், வதந்தி வரலாறாகியிருக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எல்லோரும் 'ஆங் ஹுலிங் எல் பிம்போ' என்ற ஒரே பாட்டின் வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள், அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். பதின்மூன்று ஆண்டுக் கதையை ஒரு பாட்டை வைத்து அளந்தால் அளவு தப்பத்தான் செய்யும்.

முதலில் அடிப்படை. 1989-இல் கேசோன் சிட்டியில் உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலிமான் வளாகத்தில் உருவான குழு. பாட்டும் கிட்டாரும் ஈலி புவென்டியா, டிரம்ஸ் ரேமுண்ட் மாராசிகான், பேஸ் கிட்டார் பட்டி சபாலா, லீட் கிட்டார் மார்கஸ் அடோரோ. 1977-இல் வெளிவந்த டேவிட் லின்ச் படத்தின் பெயரைத்தான் குழுவுக்கு வைத்தார்கள். 2002-இல் ஈலி விலகும்வரை இந்த நால்வர்தான். ஈலி மட்டும்தான் பாடினார், எழுதினார் என்று சொல்வது பரவலான தவறு. ரேமுண்ட் எழுதியவை, பாடியவையும் இருக்கின்றன. ஆல்பத்தின் உள்ளட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு எழுதினால் போதும்.

ஒரே பெயர், மூன்று பொருட்கள்

'ஆங் ஹுலிங் எல் பிம்போ' என்றால் 'கடைசி எல் பிம்போ'. எல் பிம்போ ஒரு நடனம். இந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. 1995-இல் வந்த 'கட்டர்பில்லோ' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ஏழு நிமிடத்தைத் தாண்டுவது. 2018-இல் மணிலாவில் மேடையேறிய இசை நாடகம். 2022 டிசம்பர் 22 அன்று மணிலாவை ஒட்டிய பரன்யாகேயில் நடந்த மறு இணைவுக் கச்சேரி. தேடும்போது மூன்றும் கலந்துதான் வரும். ஆண்டைப் பார்த்து எது எது என்று பிரித்துக்கொண்டபின் படியுங்கள்.

இதில் பெரிய குழப்பம் நாடகத்தால் வருகிறது. நாடகம் குழுவின் வாழ்க்கை வரலாறு அல்ல. அவர்களுடைய பல பாடல்களை எடுத்துக்கொண்டு, புதிய பாத்திரங்களை உருவாக்கி, ஒரு கொடும் குற்றத்தைச் சுற்றிப் பின்னிய கதை. நாடகம் பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்தக் குற்றத்தைப் பாட்டுக்குள்ளேயே தேடுகிறார்கள். பாட்டில் இருப்பது வேறு. பழைய நடிகை பாராலுமானின் சாயல் கொண்ட ஒரு சிறுமி, ஒரு பையனுக்கு நடனம் சொல்லித்தருகிறாள். ஆண்டுகள் கழித்து அவன் கேள்விப்படுவது: அவளுக்கு ஒரு குழந்தை, கணவன் இல்லை, எர்மிட்டாவில் தட்டு கழுவுகிறாள். பிறகு ஓர் இரவில் இருட்டுச் சந்தில் வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். எர்மிட்டா மணிலாவின் பழைய இரவு விடுதிப் பகுதி. அந்த ஊர்ப்பெயரைக் கேட்டதும் பிலிப்பைன்ஸ்காரர்களின் மனதில் என்ன ஓடும் என்பதை நம்பித்தான் பாட்டு அத்தனை குறைவாகச் சொல்கிறது. மெட்டின் துள்ளலை மட்டும் கேட்டுவிட்டு இதைக் கல்யாண வீட்டுக் காதல் பாட்டாக வைப்பதும், நாடகத்தின் கதையை இதன்மேல் ஏற்றுவதும் ஒரே அளவு தவறு.

விருது விஷயத்திலும் கவனம் வேண்டும். 1997-இல் எம்டிவி விடியோ மியூசிக் விருதுகளில் இந்தப் பாட்டின் விடியோ வென்றது ஆசியப் பகுதிக்கான நேயர் தேர்வு விருது. 'எம்டிவியின் சிறந்த குழு' என்றோ 'சிறந்த பாட்டு' என்றோ எழுதாதீர்கள். வென்றது பெரிய விஷயம்தான், ஊதிப் பெரிதாக்கத் தேவையில்லை. பாட்டு 1995, விருது 1997 என்று இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியாகக் குறித்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஆல்பங்களை எண்ணுவதில்

முழு ஸ்டூடியோ ஆல்பங்கள் ஏழு: 'அல்ட்ராஎலக்ட்ரோமேக்னடிக்பாப்!' (1993), 'சர்கஸ்' (1994), 'கட்டர்பில்லோ' (1995), 'ஃப்ரூட்கேக்' (1996), 'ஸ்டிக்கர் ஹேப்பி' (1997), 'நாத்தின்99' (1999), 'கார்பன் ஸ்டீரியாக்சைடு' (2001). எண்ணிக்கை எட்டு, ஒன்பது என்று ஏறுவது எங்கே என்றால், 1997-இல் வந்த 'பனானாடைப்' என்ற சிறு வெளியீட்டையும், 1998-இல் ஆசியச் சந்தைக்காகப் பழைய பாடல்களோடு சில புதியவற்றைச் சேர்த்து வெளியிட்ட 'அலோஹா மில்கிவே'யையும் கூட்டிக்கொள்ளும்போது. கூட்டலாம், ஆனால் கூட்டியிருக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும்.

'அல்ட்ராஎலக்ட்ரோமேக்னடிக்ஜாம்!' 2005-இல் வந்தது. பெயரில் கடைசி எழுத்துகள்தான் வேறு. அது இவர்கள் பாடியதல்ல, மற்றக் குழுக்களும் பாடகர்களும் இவர்களுக்குச் செலுத்திய மரியாதை. அதில் 'பாரே கோ'வைப் பாடுவது ஸ்பாஞ்ச் கோலா. அதைக் கேட்டுவிட்டு 'இரேசர்ஹெட்ஸின் ஒலி இவ்வளவு பளபளப்பா' என்று எழுதியவர்கள் உண்டு. 2018-இல் முதல் ஆல்பத்தின் 25 ஆண்டு நிறைவுக்காக வந்த பதிப்பு வேறு வகை. அது மறுபதிவு அல்ல, 1993-இல் பதிந்த அதே ஒலியை மறுபடி மாஸ்டரிங் செய்தது. இரண்டையும் ஒப்பிடும்போது வாசிப்பு மாறியிருக்கிறது என்று எழுதினால் பிழை. மாறியிருப்பது ஒலியின் சமநிலை மட்டுமே.

விற்பனைக் கணக்கைத் தொடாமல் இருப்பதே நல்லது. 'பிளாட்டினம்' என்ற சொல்லை அமெரிக்க அளவில் புரிந்துகொண்டு பத்து லட்சம் பிரதி என்று பெருக்கிவிடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் அந்த வரம்பு பல்லாயிரங்களில்தான், அதுவும் காலத்துக்குக் காலம் மாறியது.

மொழிபெயர்ப்புக் கருவியை நம்பினால்

இந்தக் குழுவிடம் மனதைப் பறிகொடுப்பவர்கள் கடைசியில் சொற்களிடம்தான் பறிகொடுக்கிறார்கள். வளாகத்து மாணவர் பேச்சு, தெருப் பேச்சு, ஆங்கிலம், ஸ்பானியத் தடயம் எல்லாம் ஒரே வரியில் வரும். கருவி இதில் தடுக்கி விழும் இடங்கள் சில:

'பாரே கோ'. 'பாரே' என்பது 'கும்பாரே'யின் சுருக்கம். ஒருவரின் குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்பவரை அழைக்கும் உறவுமுறைச் சொல், பின்னால் நண்பர்களுக்குள் விளியாகிவிட்டது. 'என் தோழரே' என்று பெயர்த்தால் செத்துவிடும். 'மச்சான்' என்றால் உயிர் இருக்கும். உறவிலிருந்து நட்புக்கு வந்த சொல் நம்மிடமும் அதுதானே. காதலில் அடிபட்டவன் நண்பனிடம் புலம்புகிற பாட்டு அது. கெட்ட வார்த்தையும் வரும். அதனால் ஒலிபரப்புக்கென்று சுத்தப்படுத்திய பதிப்பும் உண்டு. எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்துப் பாட்டின் சூடு மாறும்.

'டார்பிடோ'. கடற்படை ஆயுதம் அல்ல. 'தோர்ப்பே' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு மந்தமானவன் என்று பொருள். பிலிப்பைன்ஸில் அது, பிடித்த பெண்ணிடம் வாய் திறக்கத் தெரியாத பையனைக் குறிக்கும். அந்தப் பையன்தான் பாட்டின் நாயகன்.

'மின்சான்' பாட்டில் 'கலயான்' என்று ஒரு சொல் வரும். அகராதியில் 'விடுதலை'. உடனே நாட்டு விடுதலை, மார்கோஸ் ஆட்சி என்று விளக்கம் ஓடத் தொடங்கும். பாட்டில் அது டிலிமான் வளாகத்து மாணவர் விடுதியின் பெயர். ஒரே விடுதியில் தங்கிப் பிரிந்துபோன நண்பர்களைப் பற்றிய பாட்டு.

'போக்சி ஹோக்பு' இன்னும் அழகு. இதை எந்த அகராதியிலும் தேட முடியாது, ஏனென்றால் அசைகளைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டைக் குறிக்கும் கொச்சைச் சொல் 'சிபோக்', திருப்பினால் 'போக்சி'. தலைமுடி 'புஹோக்', திருப்பினால் 'ஹோக்பு'. மணிலா இளைஞர்களின் பழைய விளையாட்டு இது. பொருள் தெரியாத சொல் வந்தால் முதலில் அசையைத் திருப்பிப் பாருங்கள், அப்புறம் அகராதி.

முதல் ஆல்பத்தின் நீண்ட பெயரும் அப்படித்தான். வோல்டெஸ் ஃபைவ் என்ற ஜப்பானியக் கார்ட்டூனில் வரும் ஆயுதத்தின் பெயரை வைத்துச் செய்த சொல் விளையாட்டு. எழுபதுகளின் கடைசியில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

வதந்தியை வரலாறாக்குவது

'அலாபாப்' என்றால் மேகம், வானத்து உயரம். 1995-இல் செனட்டர் டிட்டோ சோட்டோ இது போதைப் பொருளைப் புகழும் பாட்டு என்று சொல்லித் தடை கோரினார். குழு மறுத்தது, விடுதலை உணர்வைப் பற்றிய பாட்டு என்று பதில் கொடுத்தது. குற்றச்சாட்டை மட்டும் எழுதிப் பதிலை விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு.

'ஸ்போலியாரியம்' பாட்டுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். எண்பதுகளில் ஒரு நடிகைக்கு நேர்ந்த துயரத்தை மறைமுகமாகச் சொல்லும் பாட்டு என்று பல ஆண்டுகளாகப் பேச்சு. பாட்டில் வரும் எந்தெங், ஜோயி என்ற இரண்டு பெயர்கள்தான் அதற்கு ஆதாரம். ஈலி இதை மறுத்திருக்கிறார்: குடித்த ஓர் இரவைப் பற்றிய பாட்டு, அந்தப் பெயர்கள் குழுவோடு வேலை செய்த உதவியாளர்களுடையவை. உண்மையான மனிதர்கள் மேல் குற்றம் ஏறி நிற்கிற இடம் என்பதால், வதந்தியைச் சொல்லும் அதே பத்தியில் மறுப்பையும் சொல்ல வேண்டும். தலைப்பு, ஹுவான் லூனா 1884-இல் தீட்டிய பெரிய ஓவியத்தின் பெயர். அது மணிலாவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

'திடீரென்று வெடித்தார்கள்' என்பது

இல்லை. தொடக்கத்தில் மற்றவர் பாடல்களை வாசித்துப் பார்த்தார்கள், அது சரியாக வரவில்லை, அதனால் சொந்தமாக எழுதினார்கள். 1991-இல் 4 டிராக் கருவியில் ஒன்பது பாடல்களைப் பதிந்து கேசட்டாக இசை நிறுவனங்களுக்குக் கொண்டுபோனார்கள். போதுமான 'பாப்' இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த டெமோவின் பெயர் 'பாப்-யூ!'. கோபம் பெயரிலேயே தெரிகிறது. பிறகுதான் பிஎம்ஜி இசை நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது.

இன்னொரு காரணத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 1987-இல் அதிபர் கொராசோன் அகினோ பிறப்பித்த 255-ஆம் நிர்வாக ஆணை, வானொலி நிலையங்கள் மணிக்குக் குறைந்தது நான்கு பிலிப்பைன்ஸ் சொந்தப் பாடல்களை ஒலிபரப்ப வேண்டும் என்றது. ஆணை மட்டும் ஒரு குழுவை உருவாக்காது. ஆனால் உள்ளூர்ப் பாட்டுக்கு அலைவரிசையில் இடம் இருந்தது, என்யூ 107 போன்ற ராக் நிலையங்கள் இருந்தன, கிளப் ட்ரெட் போன்ற மேடைகள் இருந்தன. இவற்றைச் சொல்லாமல் நால்வரின் மேதைமையை மட்டும் சொன்னால், அதே ஆண்டுகளில் ரிவர்மாயா, பரோக்யா நி எட்கர் போன்ற குழுக்கள் எப்படி எழுந்தன என்பதற்கு விளக்கமே கிடைக்காது.

பிரிவும் இணைவும்

'பிரிந்தபின் சாண்ட்விச் குழுவைத் தொடங்கினார் ரேமுண்ட்' என்ற வரியை எங்கே கண்டாலும் திருத்துங்கள். சாண்ட்விச் 1998-இலேயே தொடங்கிவிட்டது. ஈலி 2002-இல் விலகியதும் குழு அன்றே மூடப்படவில்லை. கிரிஸ் கோரா டான்செல் வந்து சேர்ந்தார், பிறகு அந்தப் பயணம் கம்பியோ என்ற வேறு பெயரில் தொடர்ந்தது. ஈலி மங்கோல்ஸ், அதன்பின் பியூப்பில் என்ற வேறு குழுக்களுக்குப் போனார்.

மறு இணைவுகளில்தான் தேதிகள் அதிகம் சிக்குகின்றன. 2008 ஆகஸ்ட் 30, மணிலாவை ஒட்டிய டகிக்கில் திறந்தவெளிக் கச்சேரி. இலவச நிகழ்ச்சியாகத் திட்டமிட்டார்கள். சிகரெட் நிறுவனத்தின் ஆதரவு என்பதால் சுகாதாரத் துறை எதிர்த்தது, கட்டண நிகழ்ச்சியாக மாறியது. கச்சேரிக்குச் சற்று முன்னர்தான் ஈலியின் தாயார் காலமானார். முதல் பகுதியில் பதினைந்து பாடல்கள் முடிந்து இடைவேளையில் ஈலி மயங்கி விழ, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கச்சேரி அங்கேயே நின்றது. அந்தப் பதினைந்தில் 'ஆங் ஹுலிங் எல் பிம்போ' கிடையாது. '2008-இல் அந்தப் பாட்டைக் கேட்டு அரங்கமே அழுதது' என்று எழுதுபவர் அடுத்த ஆண்டை நினைத்துக்கொள்கிறார்.

அடுத்த ஆண்டு 2009 மார்ச் 7, 'ஃபைனல் செட்' (கடைசிச் சுற்று) என்ற கச்சேரி. அதற்கு முந்தைய நாள் பிரான்சிஸ் மகலோனா இறந்திருந்தார். 'சூப்பர்ப்ராக்ஸி'யில் இவர்களோடு பாடிய ராப் கலைஞர் அவர். அந்த இரவின் கனத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நாள் இடைவெளி தெரிந்திருக்க வேண்டும்.

பெயர்தான் ஃபைனல். 2012 முதல் வெளிநாடுகளில் கச்சேரிகள் நடந்தன. 2014-இல் 'சாபடோ', '1995' என்ற இரண்டு புதிய பாடல்கள் ஒரு மாத இதழோடு குறுந்தட்டாக வந்தன. ஆகவே 2001 ஆல்பம்தான் அவர்களின் கடைசிப் பதிவு என்பதும் தவறு. 2021-இல் ரசிகர் ஒருவர் கேட்க, அப்போதைய துணை அதிபர் லெனி ரோப்ரெடோ அதிபர் தேர்தலில் நின்றால் இணைவோம் என்று ஈலி பதில் போட்டார். அவர் நின்றார், தேர்தலும் முடிந்தது, கச்சேரி 2022 டிசம்பரில்தான் நடந்தது. தேர்தல் மேடையில் இணைந்தார்கள் என்று எழுதக் கூடாது.

கேட்கும் வரிசை

சிறந்த பாடல்கள் தொகுப்பில் தொடங்காதீர்கள். 1993-இன் கரடுமுரடும் 1999-இன் மின்னணு ஒலியும் அடுத்தடுத்து வந்து, குழு எப்படி நகர்ந்தது என்பதே தெரியாமல் போகும். 'சர்கஸ்' முதலில். வளாகத்து வாழ்க்கை முழுக்க அங்கே இருக்கிறது. பிறகு பின்னால் போய் முதல் ஆல்பம், அப்புறம் 'கட்டர்பில்லோ'வைக் கடைசிப் பாட்டு வரை விடாமல். அதன்பின் 'ஸ்டிக்கர் ஹேப்பி'. 'கார்பன் ஸ்டீரியாக்சைடு' இருண்டது. அதை முதலில் கேட்டவர்கள் பலர் இந்தக் குழுவை விட்டே போயிருக்கிறார்கள், அது வீண் இழப்பு. 'ஃப்ரூட்கேக்' கிறிஸ்துமஸ் ஆல்பம், பெரும்பாலும் ஆங்கிலம். அதற்காக டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். பிலிப்பைன்ஸில் செப்டம்பர் பிறந்தாலே கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும், அப்போதே எடுங்கள்.