சைலன்சர் கத்துதுங்களா? பஞ்சைப் பாருங்க

பைக்கில் வெளியில் வாங்கி மாட்டிய சைலன்சர் போகப்போக காட்டுக்கத்தல் கத்தினால், புதுசு வாங்க ஓடாதீங்க. உள்ளே ஓட்டை போட்ட குழாயைச் சுற்றி கிளாஸ் வூல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு இருக்கும். அதுதான் சத்தத்தை உறிஞ்சுவது. சூட்டில் அது கருகி, துண்டு துண்டாகப் பின்பக்கம் பறந்துவிடும். வண்டி ஆறியதும் விரலால் தட்டுங்க. 'டொக்' என்றால் பஞ்சு இருக்கு, 'டங்' என்று தகரம் மாதிரி கேட்டால் காலி.

ரிவெட்டைத் துளைத்து மூடியைக் கழற்றி, புதுப் பஞ்சைக் குழாயைச் சுற்றி ஒரே சீராகச் சுற்றணும். இறுக்கித் திணித்தால் சத்தம் உறிஞ்சாது, லூசாக விட்டால் சீக்கிரமே பறந்துவிடும். கையுறை, முகமூடி கட்டாயம். பஞ்சு இழை தோலில் பட்டால் அரிப்பு லேசில் போகாது.

அப்படியும் குறையலையா? முனையில் டிபி கில்லர் போடுங்க, சைலன்சர் வாயைச் சுருக்கிச் சத்தத்தைக் குறைக்கும் செருகு குழாய் அது. ரெடிமேட் பொருந்தாவிட்டால் வெர்னியர் அளவுகோலில் முனையின் உள்விட்டம் அளந்து கொடுங்க, கோவை கணபதி பக்கம் லேத்துக்காரர்கள் கடைந்து தருவார்கள். துளையை ரொம்பச் சின்னதாக்கினால் வண்டி இழுக்காது.

ஆக்சிலேட்டரை விடும்போது மட்டும் 'பட் பட்' என்று வெடித்தால் பஞ்சை விட்டுவிட்டு, இன்ஜினோடு பைப் சேரும் இடத்தில் இடுக்கை அடைக்கும் வளையமான கேஸ்கெட்டைப் பாருங்க. கரிக்கோடு தெரிந்தால் அங்கேதான் லீக்.

பஞ்சே வேண்டாம், சத்தம்தான் கெத்து என்கிற தம்பிகளுக்கு: 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு கம்பெனியிலேயே வரம்பு 80 டெசிபல்தான். மீறி மாட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், லைசென்சையும் 3 மாதம் முடக்கலாம்.