மரியோ கார்ட்: எந்தப் பதிப்பில் எந்த வண்டியை எடுப்பது, ஏன்?

நிண்டெண்டோவின் பந்தய வீடியோ கேமான மரியோ கார்ட்டை ஆடுபவர்களில் பலர் வண்டி தேர்ந்தெடுக்கும் திரையிலேயே பாதிப் பந்தயத்தைத் தோற்றுவிடுகிறார்கள். ஸ்பீடு கோடு நீளமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஏ பட்டனை அழுத்திவிடுவார்கள். இல்லையென்றால் பழைய பதிப்பில் ஜெயித்துக் கொடுத்த அதே ஆளையும் அதே மாதிரி வண்டியையும் புதியதிலும் எடுப்பார்கள். 1992இல் தொடங்கிய இந்த வரிசையில் வெற்றியைத் தீர்மானிக்கும் அம்சம் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறியிருக்கிறது. கையில் இருக்கும் பதிப்பில் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வண்டியை எடுங்கள்.

முதல் சூப்பர் மரியோ கார்ட்டில் தனியாக வண்டி தேர்வு கிடையாது. ஆளைத் தேர்ந்தெடுத்தால் வண்டியைத் தேர்ந்தெடுத்த மாதிரி. எட்டுப் பேர் நான்கு ஜோடிகளாக இருப்பார்கள். மரியோவும் லூயிஜியும் எல்லாவற்றிலும் நடுத்தரம். பீச், யோஷி சட்டென்று வேகம் பிடிப்பார்கள். கூப்பா, டோட் வளைவில் கைக்கு அடங்குவார்கள். பௌசரும் டாங்கி காங் ஜூனியரும் உச்ச வேகத்தில் முன்னால் நிற்பார்கள், ஆனால் ஒருமுறை சுவரில் மோதினால் மறுபடி வேகம் பிடிக்கத் திணறுவார்கள். புதிதாக ஆடுபவர் கூப்பாவையோ டோடையோ எடுப்பதுதான் சரி. காசு 10 வரை ஏற ஏற உச்ச வேகமும் ஏறும் என்பதால், முதல் சுற்றிலேயே காசைப் பொறுக்கிவிடுங்கள். கையில் ஒரு காசும் இல்லாதபோது வேறு வண்டி இடித்தால் உங்கள் வண்டி சுழன்றுவிடும்.

1996இல் ஜப்பானில் வெளிவந்த மரியோ கார்ட் 64 லேசு, நடுத்தரம், கனம் என்று மூன்று எடைப் பிரிவுகளைக் கொண்டுவந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் மினி-டர்போ, அதாவது வளைவில் சறுக்கி முடிக்கும்போது கிடைக்கும் சிறு பாய்ச்சல். ஆர் பட்டனை அழுத்திக் குதித்து, வண்டி சறுக்கத் தொடங்கியதும் ஸ்டிக்கை எதிர்ப்பக்கமும் மறுபடி உள்பக்கமும் மாற்றித் தள்ள வேண்டும். டயரடியில் வரும் புகை வெள்ளையிலிருந்து மஞ்சளாகும். இன்னொரு தடவை அப்படிச் செய்தால் சிவப்பாகும். அப்போது ஆர் பட்டனை விட்டால் வண்டி பாயும். மஞ்சள் வந்ததுமே விட்டுவிடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு; அதில் ஒன்றும் கிடைக்காது. இதற்குப் பிறகு வந்த எல்லாப் பதிப்பிலும் நல்ல வண்டி எது என்ற கேள்வி, மினி-டர்போ அதில் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியோடு சேர்ந்தே வருகிறது.

2003இல் வந்த டபுள் டாஷில் ஒரு வண்டியில் இரண்டு பேர் ஏறுகிறார்கள். இருவரில் யார் கனமோ, அவருடைய பிரிவு வண்டிகள்தான் கிடைக்கும். லேசான வண்டி வேண்டுமென்றால் இருவருமே லேசானவர்களாக இருக்க வேண்டும். 2005இல் கையடக்கக் கருவியான டிஎஸ்ஸுக்கு வந்த பதிப்பில் வண்டிக்கு ட்ரிஃப்ட், அதாவது சறுக்கித் திரும்புவது, என்று தனி அளவே உண்டு. அது அதிகமுள்ள வண்டியை வைத்துக்கொண்டு நேர்ச் சாலையிலும் இடம், வலம் என்று மாறி மாறிச் சறுக்கி, மினி-டர்போவை விடாமல் எடுத்துக்கொண்டே போனார்கள். பாம்பு மாதிரி நெளிந்து போகும் இந்த முறைக்கு ஸ்நேக்கிங் என்று பெயர். தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே சுற்றுக்குச் சுற்று இடைவெளி கூடும். டிஎஸ்ஸில் நேர அளவைக் குறைக்க வேண்டுமானால் இதைப் பழகாமல் வழியில்லை.

2008இல் வீ கருவிக்கு வந்த பதிப்பு அந்தக் கதவை மூடியது. மினி-டர்போ இப்போது ஸ்டிக்கை ஆட்டுவதால் வராது, சறுக்கிக்கொண்டே இருக்கும் நேரத்தில் ஏறும். அதனால் ஸ்நேக்கிங் பலிக்காது. பதிலுக்கு பைக் வந்தது. மொத்தம் 36 வண்டிகள், 18 கார்ட், 18 பைக். பல பந்தயங்கள் தொடர்ந்து வரும் கிராண்ட் பிரியில், 50சிசி என்ற வேகப் பிரிவு முழுக்க கார்ட், 100சிசி முழுக்க பைக், 150சிசியில் இரண்டும் கலந்து ஓடும். கார்ட்டில் சறுக்கும்போது டயரடியில் நீலப் பொறி வந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால் ஆரஞ்சுப் பொறி வரும், பாய்ச்சலும் நீளும். பைக்கில் நீலத்தோடு சரி. இதை மட்டும் படித்தவர்கள் கார்ட்தான் வலுவானது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

உண்மையில் பைக்கின் பலம் வீலியில் இருக்கிறது. ரிமோட்டை மேல்நோக்கிச் சொடுக்கினால் முன் சக்கரம் எழும்பும், வேகம் கூடும். கிளாசிக் கண்ட்ரோலரில் திசைப் பட்டனின் மேல்பக்கத்தை அழுத்த வேண்டும். வீலியில் இருக்கும்போது வண்டி சரியாகத் திரும்பாது. யாராவது இடித்தால் சக்கரம் கீழே இறங்கி வேகமும் போய்விடும். எனவே நேர்ச் சாலையில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது மட்டும் வீலி எடுங்கள். வளைவுக்குச் சற்று முன்பே சக்கரத்தை இறக்கிவிடுங்கள்.

பைக்கிலும் இரண்டு வகை உண்டு. ஒரு வகை கார்ட் மாதிரி வெளிப்பக்கம் ஒதுங்கிச் சறுக்கும். இன்னொரு வகை ட்ரிஃப்ட் தொடங்கிய உடனே உள்பக்கமாக வெட்டித் திரும்பும். மாக் பைக், ஃப்ளேம் ரன்னர் இந்த ரகம். ஐரோப்பிய டிஸ்க்கில் ஃப்ளேம் ரன்னருக்கு பௌசர் பைக் என்று பெயர். ஃபங்கி காங்கை இதில் ஏற்றுவதுதான் டைம் ட்ரையல் (தனியாக நேரத்தை எதிர்த்து ஓடுவது) ஆடுபவர்கள் வருடக்கணக்காகக் கைவிடாத ஜோடி. உள்வெட்டு பைக்குக்குப் புதிதாக மாறுபவர் கார்ட்டில் திரும்பும் அதே இடத்தில் ட்ரிஃப்டைத் தொடங்கினால், உள்பக்கப் புல்லில் ஏறிவிடுவார். வளைவுக்குள் நன்றாக நுழைந்தபின், வெளி ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.

2011இல் வந்த மரியோ கார்ட் 7 வண்டியைப் பிரித்துப் போட்டது: உடல், டயர், வானில் மிதக்க உதவும் கிளைடர் மூன்றையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். வானில் மிதப்பதும் தண்ணீருக்கடியில் ஓடுவதும் இதில்தான் தொடங்கின. மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் கிளைடர் தரும் வித்தியாசம் சிறியது. டயரில்தான் கவனம் வேண்டும்.

இதே முறையை 2014இல் வீ யூவுக்கு வந்த மரியோ கார்ட் 8உம், 2017இல் ஸ்விட்ச்சுக்கு வந்த 8 டீலக்ஸும் வைத்துக்கொண்டன. இன்று அதிகம் பேர் வீட்டில் இருப்பது டீலக்ஸ்தான் என்பதால் இதை விவரமாகப் பார்ப்போம். வண்டி தேர்வுத் திரையில் + பட்டனை அழுத்தினால் அளவுக் கோடுகள் தெரியும். ஆள், உடல், டயர், கிளைடர் நான்கின் புள்ளிகளும் கூடித்தான் அந்தக் கோடு வருகிறது. ஆனால் திரையில் காட்டாத அளவுகளும் இருக்கின்றன. தரை, தண்ணீர், காற்று, ஆன்டி-கிராவிட்டி (சுவரிலும் தலைகீழாகவும் ஓடும் பகுதி) என்று வேகமே நான்கு. திரை ஒரு கோட்டைத்தான் காட்டும். மினி-டர்போ அளவு திரையில் வருவதே இல்லை. அது அதிகமுள்ள வண்டியில் பொறி சீக்கிரம் ஏறும், பாய்ச்சலும் நீடிக்கும். ஒரு சுற்றில் பத்துப் பன்னிரண்டு முறை சறுக்குகிறோம் என்றால், ஸ்பீடு கோட்டில் இழந்ததை மினி-டர்போவில் திரும்ப எடுத்துவிடலாம். அக்சிலரேஷன் கோடு நீளமாக உள்ள வண்டிகளில் பெரும்பாலும் மினி-டர்போவும் நன்றாகவே இருக்கும். திரையில் பார்க்க முடிந்த அடையாளம் அதுதான்.

டயருக்கு ரோலரில் தொடங்குங்கள். அது இன்னும் கிடைக்கவில்லையென்றால் அஸ்யூர் ரோலர் போடலாம், இரண்டுக்கும் அளவு ஒன்றேதான். ஸ்லிக் டயர் தார்ச் சாலையில் பறக்கும், பிடிமானம் குறைவு. குறுக்கு வழிக்காகப் புல்லில் இறங்கினால் வண்டி அப்படியே தேங்கிவிடும். பழைய டிப்ஸ் வீடியோக்களை அப்படியே நம்ப வேண்டாம். 2023இல் வந்த அப்டேட் சில ஆட்கள், பாகங்களின் திறனை மாற்றியிருக்கிறது.

அடுத்து, வண்டியின் பின்னால் ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வண்டி பாதையை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்மார்ட் ஸ்டியரிங் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சின்னக் குழந்தைகளுக்கு அது நல்லது. ஆனால் அது இருக்கும்வரை நீலம், ஆரஞ்சுக்கு அடுத்த மூன்றாம் படியான இளஞ்சிவப்புப் பொறி வராது. பந்தயத்தை நிறுத்தி வைக்கும் மெனுவிலேயே அணைத்துவிடலாம்.

இரண்டு வண்டிகளில் எது உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்று பார்க்க டைம் ட்ரையலில் பேபி பார்க் என்ற பாதையை எடுங்கள். ஏழு சுற்று கொண்ட சின்ன நீள்வட்டம், ஏறக்குறைய முழுக்க ட்ரிஃப்ட். ஒரு வண்டியில் வேகம் கூட்டும் மஷ்ரூமைப் பயன்படுத்தாமல் சில தடவை ஓடி, உங்கள் ஓட்டத்தின் பதிவான கோஸ்ட்டைச் சேமித்து, இன்னொரு வண்டியில் அதை எதிர்த்து ஓடுங்கள். பிறகு மூ மூ மெடோஸில் இதையே திரும்பச் செய்யுங்கள். அங்கே புல் இருப்பதால் டயரின் குணம் தெரிந்துவிடும். சறுக்கும்போது ஸ்டிக் உள்பக்கமே இருக்கட்டும். வெளிப்பக்கம் தள்ளினால் பொறி ஏறுவது மெதுவாகும். 200சிசியில் வளைவுக்கு வெளியே பறந்தால், வண்டியை மாற்றுவதற்கு முன் ட்ரிஃப்டை விடாமலேயே பி பட்டனைத் தட்டி வேகத்தைக் குறைக்கப் பழகுங்கள்.

2025 ஜூன் 5இல் ஸ்விட்ச் 2உடன் வந்த மரியோ கார்ட் வேர்ல்டில் பாகம் மாற்றுவதெல்லாம் போய்விட்டது. ஆளும் வண்டியும் மட்டுமே தேர்வு, 24 பேர் ஓடுகிறார்கள், காசு 20 வரை சேரும். திடமான தரை, கரடுமுரடான தரை, தண்ணீர் மூன்றிலும் வண்டிக்கு வண்டி வேகம் மாறும். ஆகவே ஓடப்போகும் பாதையில் எது அதிகம் என்று பார்த்து எடுங்கள். கிராண்ட் பிரியில் இரண்டாம் பந்தயத்திலிருந்து ஒரு பாதையிலிருந்து அடுத்த பாதைக்கு ஓட்டிக்கொண்டே போக வேண்டியிருப்பதால் நீண்ட நேர்ச் சாலைகள் நிறைய வரும், ட்ரிஃப்டுக்கு இடம் குறையும். டீலக்ஸில் ரோலர் டயரோடு பழகியவர்கள் இங்கே கொஞ்சம் வேகத்தின் பக்கம் சாய்வது நல்லது. நேர்ச் சாலையில் சும்மா ஓடவும் வேண்டாம்: திருப்பாமல் ஆர் பட்டனை அழுத்திப் பிடித்து விட்டால் வண்டி எம்பிக் குதிக்கும். வேலிக் கம்பி, தண்டவாளம், சுவர் மேலெல்லாம் ஏறி ஓடுவது அந்தக் குதிப்பால்தான்.