தக்காளி நாத்து வாங்கும்போது “வைரஸ் வராது” என்றால், எந்த வைரஸ்?

ஆந்திராவில் குப்பம், வி.கோட்டா, பலமநேர் பக்கம் தக்காளி போடுகிற நம் ஆட்கள் நர்சரியில் முதலில் கேட்பது, “அண்ணா, வைரஸ் வராத நாத்து இருக்கா?” என்பதுதான். “இருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்று அவரும் சொல்வார். இதில் யார் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் எந்த வைரஸ் என்று கேட்காமலே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். பிற்பாடு நடக்கிற தவறுகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது.

ஒரு எதிர்ப்பு மரபணு எல்லா வைரஸையும் தடுக்காது. ஒரு வைரஸை, மிஞ்சினால் அதன் நெருங்கிய சொந்தங்களைத்தான் தடுக்கும். இலைச்சுருட்டலுக்கு எதிராக வருவது டிஒய்-1 (Ty-1) போன்ற மரபணுக்கள். அவை மொட்டுக் கருகல் வைரஸைத் தொடவே தொடாது. ஆகவே நோய் வந்தால் செடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நுனி இலைகள் கிண்ணம்போல் மேல்நோக்கிக் குவிந்து, ஓரம் மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கி, பூ உதிர்ந்தால் அது இலைச்சுருட்டல். பரப்புவது வெள்ளை ஈ. கொழுந்தில் செம்பு நிறத்தில் புள்ளிகள் விழுந்து, தண்டில் பழுப்புக் கோடு இறங்கி, நுனி கருகி, பழத்தில் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது மொட்டுக் கருகல், பரப்புவது இலைப்பேன். நிலக்கடலையும் இந்த வைரஸுக்கு வீடு என்பதால் நம் சீமையில் இது சாதாரணமாக வரும். இதைப் பார்த்துவிட்டு “விதை ஏமாத்திடுச்சு” என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை. அந்த விதை அந்த வைரஸுக்கு வாக்கே கொடுக்கவில்லை.

விதைப் பாக்கெட்டில் எச்.ஆர். (HR), ஐ.ஆர். (IR) என்று இரண்டு குறிகள் இருக்கும். முதலாவது உயர் எதிர்ப்பு, இரண்டாவது இடைநிலை எதிர்ப்பு. இலைச்சுருட்டலுக்குப் பெரும்பாலும் ஐ.ஆர். என்றுதான் போட்டிருப்பார்கள். அதைப் பலர் கவனிப்பதில்லை. டிஒய்-1 தென் அமெரிக்காவின் சிலென்ஸ் (Solanum chilense) என்ற காட்டுத் தக்காளியிலிருந்து கலப்புச் சேர்க்கையால் வந்தது. (மரபணு மாற்றுப் பயிர் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், இது வழக்கமான கலப்புதான்.) வைரஸ் நுழைவதை அது தடுப்பதில்லை. வைரஸின் டி.என்.ஏ.வில் வேதிக் குறிகளை ஏற்றி, அது பெருகாதபடி அடக்கி வைக்கிறது. செடி பச்சையாகவே நிற்கும், காயும் பிடிக்கும், உள்ளே கொஞ்சம் வைரஸும் இருக்கும். வெள்ளை ஈ அதை அங்கிருந்து உறிஞ்சிப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டு போகலாம். “எனக்குத்தான் எதிர்ப்பு ரகமாச்சே” என்று வெள்ளை ஈயைக் கண்டுகொள்ளாமல் விடுவது பக்கத்து விவசாயிக்குச் செய்கிற கெடுதல். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இன்னொன்று. வெள்ளரித் தேமல் வைரஸ் செடிக்குள் சேர்ந்துவிட்டால் டிஒய்-1 அடக்கி வைத்த வேலையே குலைந்துபோகிறது என்று 2014-இல் வந்த ஆய்வு காட்டியது. அந்தத் தேமலைக் கொண்டு வருவது அசுவினி. வரப்புக் களைகளிலும் அந்த வைரஸ் தங்கும். களை எடுப்பதும் எதிர்ப்பைக் காப்பாற்றுகிற வேலைதான்.

“டிஒய்-1, டிஒய்-3 ரெண்டும் இருக்கு, டபுள் பாதுகாப்பு” என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். இரண்டும் ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் என்று 2013-இலேயே தெரிந்துவிட்டது. டிஒய்-2 வேறு மரபணு, வேறு காட்டு இனத்திலிருந்து வந்தது. ஆனால் இலைச்சுருட்டல் வைரஸ்களில் பல இனம் உண்டு, எல்லாவற்றுக்கும் அது நிற்பதில்லை. பாக்கெட்டில் குறிக்கிற மஞ்சள் இலைச்சுருட்டல் வைரஸ் மத்தியதரைக் கடல் நாடுகளில் முதலில் பேர்போனது. நம் தென்னிந்தியத் தோட்டங்களில் பெங்களூரு பெயரிலும் புதுடெல்லி பெயரிலும் உள்ள உறவினங்களும் திரிகின்றன. அதனால் வெளிநாட்டுச் சோதனையைவிட, நம் பக்கத்துத் தோட்டத்தில் போன கோடையில் அந்த ரகம் எப்படி நின்றது என்று விசாரிப்பதே நல்லது.

ஹைபிரிட் பழத்திலிருந்து விதை எடுத்து வைப்பது அடுத்த தவறு. எதிர்ப்பு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், அடுத்த தலைமுறையில் நூறு செடிக்கு ஏறக்குறைய 25-இல் அந்த மரபணுவே இருக்காது, 50-இல் ஒரு பிரதி, 25-இல் இரண்டு பிரதி. மரபணு ஒடுங்கு வகையாக (இரண்டு பிரதியும் இருந்தால்தான் வேலை செய்கிற வகை) இருந்து ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் இன்னும் மோசம்: ஹைபிரிட்டிலேயே எதிர்ப்பு தெரியாது, அடுத்த தலைமுறையிலும் நூறில் 75 செடிக்கு எதிர்ப்பே வெளிப்படாது. மிளகாயிலும் வேறு சில பயிர்களிலும் சில வைரஸ்களுக்கான எதிர்ப்பு இந்த வகைதான். நாத்தங்காலில் எல்லாம் ஒரே மாதிரி பச்சையாக நிற்கும். பூ வைக்கிற நேரத்தில்தான் வித்தியாசம் தெரியும். அதற்குள் உரத்துக்கும் மண்ணை மூடுகிற மல்ச்சிங் ஷீட்டுக்கும் செடிக்கு ஊன்றுகோல் நடுவதற்கும் காசு போய்விட்டிருக்கும்.

நாத்தையே சின்ன வயதில் திறந்த வெளியில் விடுவதும் வேண்டாம். இளம் செடியில் வைரஸ் ஏறினால் இடைநிலை எதிர்ப்பு திணறும். குழித்தட்டு நாத்தை நடவு வரைக்கும் பூச்சி வலைக்குள் வையுங்கள். வாங்கும்போது இலையைப் புரட்டிப் பாருங்கள். தட்டை ஒரு தட்டுத் தட்டினால் வெள்ளையாகப் பறக்கிறது என்றால் அந்தத் தட்டு வேண்டாம்.

ஒரே மரபணுவை நம்பி ஊரே போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. தக்காளித் தேமல் வைரஸைப் பல பத்தாண்டுகள் தடுத்த டிஎம்-2² என்ற மரபணுவை, 2014-இல் இஸ்ரேலிலும் 2015-இல் ஜோர்டானிலும் தலைகாட்டிய பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ் தாண்டிவிட்டது. அது பூச்சி வழியாகப் பரவத் தேவையில்லை. விதை, கை, கத்தி, கட்டுக்கயிறு வழியாகவே போகும். அதனால் வேறு தோட்டத்துக் கவாத்துக் கத்தியையும் பழைய கயிற்றையும் அப்படியே கொண்டு வராதீர்கள். கடைசிப் பறிப்பு முடிந்த செடியை நிற்க விட்டு, பக்கத்து வயலில் புது நாத்து நடவும் வேண்டாம். பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு நடுங்கள்.