காரைக்குடியில் இன்லே பட்டை தேடுபவருக்கு

காரைக்குடி ஹார்டுவேர் கடையில் ‘இன்லே பட்டை’ என்று கேட்டால் பெரும்பாலும் பீடிங்கைத்தான் எடுத்துப் போடுவார்கள். இல்லையென்றால் பிளைவுட் ஓரத்தில் ஒட்டும் பிவிசி டேப். இரண்டுமே உதவாது. பீடிங் மரத்தின் மேல் நிற்பது. இன்லே மரத்துக்குள் பதிந்து மேல்தளத்தோடு சமமாக இழைக்கப்படுவது, சேலையில் கரை நெய்த மாதிரி. செட்டிநாட்டு மரவேலையின் பெருமை செதுக்கலில் இருக்கிறது. வாசல் நிலையையும் தூணின் தலையில் நிற்கும் போதிகையையும் பார்த்தாலே தெரியும். பதிப்பு வேலைக்குப் பேர்போனது மைசூர். ஆனால் அங்கே அதிகம் கிடைப்பது உருவங்கள் பதித்த பலகைகள்.

ரெடிமேட் பட்டை வேண்டுமென்றால் தபாலில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். வழக்கமாக 36 அங்குல நீளம், ஏறக்குறைய 1 மி.மீ. கனம். அளவைக் கணக்கிடும்போது மொத்தச் சுற்றளவை 36-ஆல் வகுக்காதீர்கள். 3 அடிக்கு 2 அடி மேசைப் பலகையில் ஓரத்திலிருந்து 1 அங்குலம் உள்ளே தள்ளிப் பதித்தால் பக்கங்கள் 34, 34, 22, 22 அங்குலம். பக்கத்துக்கு ஒன்றாக 4 பட்டை போகும். 22 அங்குலப் பக்கத்தில் மிஞ்சும் 14 அங்குலத் துண்டு எதற்கும் ஆகாது. மூலை ஒன்று பிசகினால் மாற்ற வேண்டும், ஆக 5 வாங்குங்கள், ஐந்தும் ஒரே கட்டிலிருந்து. அடுத்த கட்டில் நிறமும் கனமும் கொஞ்சம் மாறியே வரும்.

பழைய மரத்திலிருந்து நாமே செய்துகொள்வது இதைவிட நல்ல வழி. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும், பழைய வீட்டுச் சாமான் விற்கும் மரவாடிகளிலும் உடைந்த சட்டம், நாற்காலிக் கால், அலமாரித் துண்டு என்று கேளுங்கள். (முழுக் கதவை அறுக்கும் பாவம் வேண்டாம்.) பர்மா தேக்கின் கறுத்த மேல்தோலை நம்பக்கூடாது. இழைப்புளியால் இரண்டு தள்ளு தள்ளினால் உள்ளே பொன்னிறம்தான். தேக்கு மேசையில் தேக்குப் பட்டை கண்ணுக்கே தெரியாது. கறுப்புக்குத் தோதகத்தி (ரோஸ்வுட்), வெளுப்புக்குப் பொரசு அல்லது மஞ்சக்கடம்பு தேடுங்கள். பலா முதலில் பளிச்சென்ற மஞ்சளாக இருந்தாலும் போகப்போகப் பழுப்பாகிவிடும். வாங்கும்போதே காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்; உள்ளே முறிந்து நிற்கும் ஆணி ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும்.

செய்முறை: 75 மி.மீ. அகலம், 3 அடி நீளத்தில் பொரசுப் பலகையை 4.8 மி.மீ. கனத்துக்கு இழைத்து, இரு முகத்திலும் 0.6 மி.மீ. தோதகத்தி வெனீரை (மெல்லிய மரத்தகட்டை) ஒட்டி இரவு முழுக்கக் கிளாம்பில் வையுங்கள். மொத்தம் 6 மி.மீ. மறுநாள் அதன் ஓரத்திலிருந்து 1.5 மி.மீ. கனத்தில் நீளவாட்டில் பட்டை பட்டையாக அறுக்கலாம். ரம்பம் தின்பது சுமார் 2 மி.மீ. என்றால் ஒரு பட்டைக்கு 3.5 போகிறது, கைக்குப் பாதுகாப்பாகக் கடைசி 25 மி.மீ.யை விட்டுவிட்டால் 14 பட்டை தேறும். அறுபட்ட பட்டை ரம்பத்துக்கு வெளிப்பக்கம் விழ வேண்டும். பிளேடுக்கும் வழிகாட்டிக் கட்டைக்கும் இடையில் சிக்கினால் அம்பு மாதிரி உங்கள் பக்கமே பாயும்.

பட்டை கையில் இருந்தால்தான், அது பதியும் பள்ளத்தைக் கடைய ரூட்டர் பிட் வாங்கப் போக வேண்டும். ஆசாரிக் கணக்கில் 2 நூல் என்பது 6.35 மி.மீ. கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று 6 மி.மீ.க்குப் பதில் அதைக் கொடுத்தால், பட்டையின் பக்கவாட்டில் இடைவெளி நிற்கும். மக்கு வைத்தாலும் மறையாது. கழிவுக் கட்டையில் பள்ளம் எடுத்துப் பட்டையை அழுத்திப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தி இறங்கினால் சரி, சுத்தியல் கேட்டால் இறுக்கம். நாம் அறுத்த 1.5 மி.மீ. பட்டைக்கு ஆழம் 1.3 மி.மீ. போதும், பட்டை 0.2 மேலே நிற்கட்டும். ஆழம் மிஞ்சிவிட்டால் பலகை முழுவதையும் இழைத்து இறக்க வேண்டிவரும். ரூட்டர் மூலையை வட்டமாக விடும், அதை உளியால் சதுரமாக்குங்கள்.

தேக்கிலும் தோதகத்தியிலும் எண்ணெய்ப் பசை உண்டு. தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த கையோடு ஒட்டுங்கள். வெள்ளைப் பசையைப் பள்ளத்தில்தான் மெலிதாகத் தடவ வேண்டும். பட்டையில் தடவினால் நீர் குடித்து உப்பி வளையும், பிறகு உள்ளே இறங்காது. மேலே பாலிதீன் தாள், அதன்மேல் நேரான கட்டை, கிளாம்ப்.

ஒரு நாள் முழுக்கப் பொறுத்துத்தான் சமமாக்க வேண்டும். பசையின் ஈரத்தில் மரம் உப்பியிருக்கும்போதே இழைத்தால், காய்ந்தபின் பட்டை குழிந்துபோகும். உப்புத்தாளுக்கு முன் ஸ்கிரேப்பர் (சுரண்டும் எஃகுத் தகடு). தோதகத்தித் தூள் வெளுத்த மரத்தின் துளைகளில் புகுந்து கறையாக்கும். ஸ்கிரேப் செய்ததும் ஒரு கை அரக்குப் பாலிஷ் பூசிவிட்டு 220 தாள் போட்டால் தூள் பிடிக்காது.

பித்தளைப் பட்டைக்கு வெள்ளைப் பசை கூடாது. எப்பாக்ஸிதான், அதுவும் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் கீறிய பிறகு. அதை மரத்தின் ரேகையோடு பதியுங்கள். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கி விரியும். அகலமான பலகையில் குறுக்காகப் பதித்த பித்தளை அடுத்த கோடையில் நடுவில் எழும்பிவிடும்.