வெள்ளைப் பந்தைத் தராசில் வைத்துப் பாருங்கள்

பூல் (pool: மேசையில் வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் வகை) ஆடும்போது, மோதியபின் வெள்ளைப் பந்து பின்னால் வர மறுக்கிறதா? உங்கள் கையைக் குறை சொல்லும் முன், பந்தைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வையுங்கள். விதிப்படி 156 முதல் 170 கிராம், விட்டம் 57.15 மி.மீ. ஆனால் அதைவிட முக்கியம், மற்ற பந்துகளோடு அது ஒத்துப்போகிறதா என்பதுதான். காசு போட்டு ஆடும் பழைய மேசைகளில், குழியில் விழுந்த வெள்ளையை மட்டும் தனியாகப் பிரித்துத் திருப்பி அனுப்புவதற்காகவே கனமானதையோ பெரியதையோ போட்டிருப்பார்கள். தேய்ந்துபோன செட்டில் புது வெள்ளையைச் சேர்த்தாலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

தராசு இல்லையா? சரி, ஒரு பந்தை இரண்டடி தள்ளி நேர் எதிரே வைத்து, வெள்ளை உருளாமல் வழுக்கிக்கொண்டே போய் மோதும்படி அடியுங்கள். எடை சமம் என்றால் மோதிய இடத்திலேயே நிற்கும். கனமானது கொஞ்சம் முன்னே நகரும், லேசானது பின்னே வரும். ஒரு அடியை நம்பாதீர்கள், நாலைந்து தடவை பாருங்கள்.

கனமான பந்தோடுதான் ஆடியாக வேண்டுமா? பின்னிழுக்கும் அடியை மறந்துவிட்டு, முன்னே ஓடவிட்டே அடுத்த பந்துக்கு இடம் பிடியுங்கள்.