ஏரிக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

தொப்பி, தண்ணீர் பாட்டில், முதலுதவிப் பெட்டி பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதையெல்லாம் யாரும் மறப்பதில்லை. போன மாதம் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியில், ஏரியில் வாழும் உயிர்களைக் காட்டிச் சொல்லித்தரும் இந்த வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்ததை ஓரமாக நின்று பார்த்தேன். 12 வருடத்துக்கு முன்னால் நான் செய்த கோளாறுகள் ஒன்றுவிடாமல் கண்முன்னே நடந்தன. வாயைக் கட்டிக்கொண்டு நிற்பதே பெரும்பாடாகிவிட்டது.

முதல் நாள் போய்ப் பார்க்காதது

டிசம்பரில் பார்த்த ஏரியை நம்பி பிப்ரவரியில் 40 பேரை அழைத்துப் போனேன். இடையில் வயலுக்கு மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் இறங்கிய உள்வாய்ப் பக்கம், அதாவது ஏரியின் உட்புறம், தண்ணீர் வற்றி வெறும் சேறாகக் கிடந்தது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். அன்று காலை முழுக்க நாங்கள் ஆராய்ந்தது செருப்புகளைத்தான்.

ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் போடுவது

டீ வடிகட்டியால் அள்ளி, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள்தான் வளரும். தலைக்கடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சடாரென்று நீட்டி இரையைக் கவ்வும். அதை ஒரு தலைப்பிரட்டையோடு சேர்த்துப் போட்டேன். அந்தத் தலைப்பிரட்டைக்கு ஒரு பிள்ளை ஏற்கெனவே பெயர் வைத்திருந்தாள். அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கேட்டவுடன் பதிலைச் சொல்லிவிடுவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது. மற்றவை ஒரு காலைப் பொழுதைக் கெடுக்கும். இது பிள்ளைகளின் பார்வையையே மழுக்கிவிடும், ஆனால் கெட்டுப்போனது வெளியே தெரியாது.

போன மாதம் அந்த ஏரியில் ஒரு பையனின் டப்பாவில் பழுப்பு நிறத்தில், தட்டையாக, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நீர்ப்பூச்சி ஒன்று இருந்தது. முதுகு முழுக்க அரிசி நொய்யை நெருக்கி ஒட்டியதுபோல வெளிறிய மணிகள். “சார், இது முதுகுல என்னாது?” என்றான். புதியவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. “அது முட்டை. சுமக்கிறது ஆண் பூச்சி. பெண் பூச்சி அதோட முதுகுல முட்டை போட்டுட்டுப் போயிடும்.” பையன் “ஓ” என்றான். நோட்டில் எழுதினான். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துப் பையனிடம் கிரிக்கெட் பேசப் போய்விட்டான்.

நானும் இதே பூச்சியை வைத்து இதையே செய்திருக்கிறேன். அப்போது அதை நல்ல வகுப்பு என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

ஒரு தடவை எனக்குத் தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை. அதே கேள்வி வந்தது. “நீ என்ன நினைக்கிற?” என்று சைகை காட்டினேன். சொறி என்றான் ஒருவன். பேன் என்றாள் இன்னொருத்தி. ஒருவன் எண்ணிப் பார்த்து, வரிசையாக ஒட்டியிருக்கிறது, சொறி இப்படி வராது என்றான். கடைசியில் முட்டை என்று அவர்களே முடிவுக்கு வந்து, “அம்மாப் பூச்சி” என்று பெயரும் வைத்தார்கள். அது அடிக்கடி மேலே வந்து முதுகை நீர்மட்டத்தில் வைப்பதை ஒருத்தி கவனித்தாள். முட்டைக்குக் காற்று வேண்டுமோ என்று அவளாகவே கேட்டாள். முக்கால் மணி நேரம் ஒரே டப்பாவைச் சுற்றி ஒன்பது தலைகள். கிளம்பும்போதுதான் கரகரத்த குரலில் சொன்னேன்: “அது அம்மா இல்ல, அப்பா.” அவர்கள் போட்ட சத்தத்தில் கரையோரம் நின்ற மடையான்கள் பறந்துவிட்டன.

அந்த ஒரு வரியைத்தான் புதியவர் பத்து நொடியில் செலவழித்துவிட்டார்.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். பக்கத்தில் வகுப்பாசிரியர் கைகட்டி நிற்கிறார். பதில் சொல்லாவிட்டால் இவருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். படித்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்ற அரிப்பும் உண்டு. இப்போதெல்லாம் பஸ்ஸில் போகும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிடுகிறேன்: “நான் பதில் சொல்ல மாட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க.” பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் கவலையோடு பார்க்கிறார்கள்.

ஒன்று மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். அந்தப் பூச்சி கடிக்கும், வலி கடுமையாக இருக்கும். கையால் தொடாமல் கரண்டியால்தான் எடுக்க வேண்டும். ஆபத்தைச் சொல்வதில் மௌனம் கூடாது.

பதினொரு மணிக்குப் போய் இறங்குவது

பறவை, பிள்ளை இரண்டுமே நிழல் தேடும் நேரம். ஏழு மணிக்குக் கரையில் இருங்கள்.

மைக்

வேண்டாம்.

ஒர்க்‌ஷீட்

கரையில் கொடுத்தால் எல்லாத் தலையும் குனிந்துவிடும். பஸ்ஸில் கொடுங்கள்.

ஏரிக்குள் மரக்கன்று நடுவது

போட்டோவுக்கு நன்றாக இருக்கும். மழை வந்து ஏரி நிறைந்தால் அங்கே தண்ணீர்தான் நிற்க வேண்டும்.

கரையில் நின்று டப்பாவை வீசிக் கவிழ்ப்பது

நேரமாகிவிட்டது என்று பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கும்போது நடப்பது இது. அள்ளிய இடத்துக்கே போய், டப்பாவைத் தண்ணீரில் அமிழ்த்திச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே போகும். முட்டை சுமக்கிற பூச்சி கடைசியாகத்தான் போகும். காத்திருங்கள், டிரைவர் கத்தட்டும்.