ட்ரோனோட ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி

முதல் விஷயம், ஸ்பேர் பேட்டரிய செக்-இன் பேக்ல போடவே போடாதீங்க, கையில எடுத்துட்டுப் போற பையில தான் வரணும். லித்தியம் பேட்டரி சூடாகி தீ பிடிச்சா கேபின்ல க்ரூ உடனே தண்ணி ஊத்தி அணைக்கலாம், கீழ லக்கேஜ் அறையில யாரு போய் பாப்பாங்க சொல்லுங்க.

அடுத்து பேட்டரி மேல வாட் ஹவர், அதாவது அதுல எவ்வளவு சக்தி சேமிக்கலாம்ங்கிற அளவு, எவ்வளவுன்னு பாருங்க. 100க்குள்ள இருந்தா பிரச்சனை இல்ல, 100-ல இருந்து 160 வரைக்கும்னா ஏர்லைன் கிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணும், அதுவும் ஸ்பேர் ரெண்டு தான், 160 தாண்டினா பயணி கொண்டுபோக முடியாது. எழுதலன்னா வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்குங்க, மேவிக் 3 ட்ரோன் பேட்டரிக்கு 15.4 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர், அதாவது 77. என் பழைய பேட்டரில எழுத்து தேஞ்சு போய், செக்யூரிட்டில ஒருத்தர் அத வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாத்துட்டு ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டார், அதுலேர்ந்து லேபிள ஃபோட்டோ எடுத்து ஃபோன்ல வச்சிருக்கேன்.

பேட்டரியோட மெட்டல் பின்கள் மேல டேப் ஒட்டி ஒவ்வொண்ணையும் தனித்தனி கவர்ல போடுங்க, சார்ஜ் பாதிக்கும் கம்மியா இருக்கட்டும். உப்பிப்போன பேட்டரி இருந்தா தயவுசெஞ்சு வீட்லயே விட்டுருங்க, கூட வர்றவங்க உயிரும் அதுல இருக்கு.

இன்னொண்ணு, போற நாட்டோட சட்டத்த பாருங்க. மொராக்கோ, எகிப்துல ட்ரோன கஸ்டம்ஸ்லயே புடுங்கிருவாங்க. 2022 பிப்ரவரிலேர்ந்து இந்தியாவுக்குள்ளயும் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கு, அதனால துபாய்ல சீப்பா கிடைக்குதுன்னு வாங்கிட்டு வராதீங்க.